ஆட்டிசமும் வைட்டமின் சந்தையும்: பெற்றோரின் பக்கம் நின்று உண்மையைப் பேசுவோம்

(ஐதராபாத்தில் வாழும் தமிழ்த் தோழர்களும் அவர்களது குடும்பத்தினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



விலைவாசி உயர்வு, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தனியார்மயம் ஆகியவை குறித்து நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். இன்று பேச வேண்டிய பொருள், வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் பேசப்பட்டு, வீட்டுக்கு வெளியே சொல்லப்படாமல் போகும் ஒரு துயரம். செகந்திராபாத் ரயில்வே, பாதுகாப்புத் துறைத் தொழிற்கூடங்கள், மென்பொருள் அலுவலகங்கள், கட்டுமானப் பணிகள் என்று வேலை தேடி வந்த நம் குடும்பங்கள் பல இந்நகரில் வாழ்கின்றன. அவற்றில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் வளர்கிறார்கள். அந்தப் பெற்றோர் நம் தோழர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "குழந்தைக்கு வைட்டமின் கொடுத்தால் பேச்சு வரும் என்கிறார்களே, வாங்கிக் கொடுக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு ஒரு கட்சி ஏன் பதில் சொல்ல வேண்டும், மருத்துவர் சொன்னால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். மருத்துவரிடம் கேட்க இரண்டு நிமிடம் கிடைக்கிறது. விற்பவனிடம் கேட்க நாள் முழுவதும் கிடைக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு அரசியல் சம்பந்தப்பட்டது. ஆகவேதான் இதைப் பேசுகிறோம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் உடலில் ஒரு வைட்டமின் குறைவாக இருக்குமானால், அதைக் கொடுத்தே தீர வேண்டும். குறைவு இல்லாத குழந்தைக்கு, ஆட்டிசத்தை மாற்றும் என்று நம்பிப் பெரும் அளவில் வைட்டமின் கொடுப்பதற்கு உறுதியான சான்று இல்லை, ஆபத்து உண்டு. ஆனால் இதைக் கேட்கும் தாயைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவர் கடைக்குப் போவதற்குக் காரணம், போக வேண்டிய அரசு மையம் அவருக்கு அருகில் இல்லாததுதான்.

தாயைக் குற்றவாளியாக்கிய காலம்

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை. பேச்சிலும் பழகுவதிலும் வேறுபாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுகை, சுவை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்று அது குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கானர் 1943ஆம் ஆண்டு இதை விரிவாக எழுதினார். அதன் பிறகு சுமார் இருபது ஆண்டுகள் மேலை நாட்டு உளவியலில் ஒரு கொடிய கருத்து கோலோச்சியது. தாய் அன்பு காட்டாததால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்றார்கள். "குளிர்பதனப் பெட்டித் தாய்" என்று பெயரும் சூட்டினார்கள். 

இதை உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். அவருடைய மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. 1964ஆம் ஆண்டு அவர் எழுதிய நூல், ஆட்டிசம் உயிரியல் சார்ந்தது, வளர்ப்பினால் வருவதன்று என்று வாதிட்டது. இலட்சக்கணக்கான தாய்மார்களின் தலைமீதிருந்த பழியை இறக்கி வைத்த நூல் அது. ஆட்டிசத்துக்கு வைட்டமின் பி6-ஐயும் மக்னீசியத்தையும் பெரும் அளவில் கொடுக்கலாம் என்ற கருத்தைப் பரப்பியவரும் அவரே. பெற்றோருக்கு நியாயம் பெற்றுத்தந்தவர் சொன்ன யோசனை என்பதால் பெற்றோர் அதை நம்பினார்கள். இது மூடநம்பிக்கையில் பிறந்த விஷயம் அல்ல என்பதை நாம் உணர வேண்டும்.

நம் ஊரில் தாயைப் பழிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கைப்பேசி கொடுத்ததால் வந்தது, வேலைக்குப் போனதால் வந்தது, கர்ப்பகாலத்தில் எதையோ சாப்பிட்டதால் வந்தது என்று மாமியார் வீட்டிலிருந்து அண்டை வீடு வரை தீர்ப்பு வழங்குகிறார்கள். அந்தத் தீர்ப்பிலிருந்து தப்பிக்க ஒரு தாய் எந்தக் கதவையும் தட்டுவார்.

வைட்டமின் எங்கே வென்றது?

வைட்டமினைப் பற்றிப் பேசுவதற்கு இந்த ஐதராபாத்தைவிடப் பொருத்தமான நகரம் இந்தியாவில் இல்லை. தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் தமிழ் மண்ணில் பிறந்தது. 1918ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் அதைத் தொடங்கினார். 1958இல் அது ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. 1960களில் அதை வழிநடத்திய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர்.

அந்த நிறுவனம் இங்கே ஆராய்ந்த நோய்களில் ஒன்று பெல்லாக்ரா. தக்காணத்தில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழைக் கிராமப்புற மக்களை அது தாக்கியது. தோல் கருத்து உரியும், வயிற்றுப்போக்கு வரும், கடைசியில் புத்தி பேதலிக்கும். கோபாலனும் அவருடைய சகாவான ஸ்ரீகாந்தியாவும் சோள உணவுக்கும் இந்நோய்க்குமான தொடர்பை ஆராய்ந்து 1960இல் வெளியிட்டார்கள். நியாசின் என்ற பி வைட்டமினைக் கொடுத்தால் இந்த நோயாளி தெளிவடைவார். மனம் பிறழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர் சில நாட்களில் தன்னுணர்வு பெறுவார்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே நோய் பரவியிருந்தது. அங்கு 1914 முதல் அதை ஆராய்ந்தவர் ஜோசப் கோல்ட்பெர்கர். இது தொற்றுநோய் என்று எல்லோரும் கூறியபோது, இது உணவுக் குறைவால் வருவது என்றார் அவர். அதை நிரூபிக்க நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அவருக்கு நோய் வரவில்லை. பிறகு எட்கர் சிடன்ஸ்டிரைக்கர் என்ற பொருளியலாளருடன் சேர்ந்து தென் கரோலினாவின் பஞ்சாலைக் குடியிருப்புகளை ஆராய்ந்தார். குடும்ப வருமானம் குறையக் குறைய நோய் கூடுவதை அவர்கள் கண்டார்கள். தொழிலாளியின் கூலியும் குத்தகை விவசாயியின் உணவும் மாறாமல் இந்த நோய் மாறாது என்பதே அந்த ஆய்வின் சாரம். தென் மாநில அரசியல்வாதிகளுக்கு இது பிடிக்கவில்லை.

வைட்டமினின் வெற்றி இங்குதான் இருக்கிறது, தோழர்களே. வறுமை பறித்ததை அது திருப்பித் தருகிறது. குறைவு இருந்த இடத்தில் அதன் விளைவு அதிசயம் போலத் தெரியும்.

தாவல் நிகழ்ந்த இடம்

பெல்லாக்ராவின் மனப்பிறழ்வை நியாசின் போக்கியது என்றால், மற்ற மனநோய்களையும் போக்காதா என்ற கேள்வி எழுந்தது. கேள்வியில் தவறில்லை. 1950களில் கனடாவில் ஹாஃபரும் ஆஸ்மண்டும் மனச்சிதைவு நோய்க்குப் பெரும் அளவில் நியாசின் கொடுத்துப் பார்த்தார்கள். நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1968இல் இக்கருத்துக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். ரிம்லண்ட் இதை ஆட்டிசத்துக்கு விரித்தார். குறைவு நோய்க்குப் பொருந்தியதைக் குறைவே இல்லாத நிலைக்கும் பொருத்தினார்கள். அளவும் மாறியது. ஒரு சிறு குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவையான பி6 ஏறக்குறைய 1 மில்லிகிராம். சிகிச்சை என்ற பெயரில் கொடுக்கப்பட்டது அதைப் போல் பலநூறு மடங்கு.

கேள்வியைச் சோதனைக்கு உட்படுத்துவதே அறிவியல். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு, பெரும் அளவு வைட்டமின் சிகிச்சை பற்றிய கூற்றுகளை ஆராய்ந்து நிராகரித்தது. ஆட்டிசத்துக்கு பி6, மக்னீசியம் கொடுத்த ஆய்வுகளை காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2005இல் தொகுத்து மதிப்பிட்டார்கள். முறையாக நடத்தப்பட்டவை என்று தேறியவை மூன்று. அவற்றில் பங்கேற்றோர் மொத்தம் 33 பேர். இதைக் கொண்டு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்றே அவர்கள் முடிவு செய்தார்கள். நாற்பது ஆண்டுகள் விற்கப்பட்ட ஒரு நம்பிக்கையின் அடியில் இருந்த சான்று இவ்வளவுதான்.

"என் பிள்ளைக்குக் கொடுத்தேன், கண்ணைப் பார்த்துப் பேசினானே" என்று ஒரு பெற்றோர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தையும் வளர்கிறது. மாதத்துக்கு மாதம் புதிதாகக் கற்கிறது. மாத்திரை கொடுத்த மாதத்தில் வந்த மாற்றம் மாத்திரையின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. நம்பிக்கையோடு பார்க்கும் கண்கள் சிறு மாற்றத்தையும் பெரிதாகக் காணும். அதனால்தான், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி சோதனை நடத்த வேண்டியிருக்கிறது. 

ஆலைப் பெண்களிடமிருந்து வெள்ளை மாளிகைக்கு

இப்போது சந்தையில் பேசப்படும் பெயர் லியூகோவோரின். இது ஃபோலேட் என்ற பி9 வைட்டமினின் ஒரு வடிவம். இந்த வைட்டமினின் வரலாறு நமக்கு நெருக்கமானது.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் கடுமையான இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களது உணவையும் வாழ்நிலையையும் ஆராய்ந்த அவர், குன்னூரிலும் ஆய்வுகளைத் தொடர்ந்தார். மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அப்பெண்கள் பிழைத்தார்கள். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் பின்னர் ஃபோலேட் என்று அறியப்பட்டது. அதைச் செயற்கையாக உருவாக்கும் பணியை 1940களில் அமெரிக்காவில் வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அணிந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானவர். லியூகோவோரின், புற்றுநோய் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டின் நச்சு விளைவுகளிலிருந்து நோயாளியைக் காப்பதற்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவருகிறது.

2025 செப்டம்பர் 22 அன்று அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், தம் சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடியை அருகில் வைத்துக்கொண்டு, ஆட்டிசம் பற்றி அறிவிப்பு வெளியிட்டார். கர்ப்பிணிகள் பாராசிட்டமால் உட்கொள்வதே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற பொருள்படப் பேசினார். லியூகோவோரின் ஒரு சிகிச்சையாக முன்வைக்கப்பட்டது. அன்று இரவே இந்தச் செய்தி நம் பெற்றோர்களின் கைப்பேசிகளுக்கு வந்துவிட்டது.

இதில் உண்மை எவ்வளவு? மூளைக்குள் ஃபோலேட் போய்ச் சேராத ஓர் அரிய குறைபாடு உண்டு. அக்குழந்தைகளுக்கு இம்மருந்து பயன்படும். இது நாம் முன்பே பார்த்த விதிதான்: குறைவு இருக்கும் இடத்தில் வைட்டமின் பயன்படும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் நடந்த, அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வில் பங்கேற்றவர்கள் 48 குழந்தைகள். காலம் 12 வாரம். பேச்சில் முன்னேற்றம் தெரிந்ததாக ஆய்வாளர்கள் கூறினார்கள். பெரிய ஆய்வுகளைத் தொடங்குவதற்கு அது போதுமான காரணம். உலகிலுள்ள எல்லா ஆட்டிசக் குழந்தைகளுக்கும் கொடுக்கச் சொல்வதற்கு அது போதாது. பாராசிட்டமால் விஷயத்தில், சுவீடனில் 24 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, உடன்பிறந்தோரை ஒப்பிட்டுப் பார்த்தபோது தொடர்பு இல்லை என்று காட்டியது. காய்ச்சல் வந்த கர்ப்பிணியைப் பயமுறுத்தி, தாயின் மீது மறுபடியும் பழியைச் சுமத்தியதுதான் அந்த அறிவிப்பு சாதித்தது.

இத்தகைய பீதி முதல் முறையாக எழுப்பப்படவில்லை. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டது. தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்த வழக்கறிஞர்களிடம் அவர் பணம் பெற்றிருந்தது பின்னர் அம்பலமானது. 2010இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது; அவரது மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. பல நாடுகளில் தடுப்பூசி குறைந்து, தட்டம்மை திரும்பிவந்தது. 

"வைட்டமின்தானே" என்று எண்ண வேண்டாம்

"பயன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே" என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. பி6-ஐ நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை நீண்டகாலம் உட்கொண்ட ஏழு பேர் உணர்வு நரம்புகள் பாதிக்கப்பட்டு நடக்கத் தடுமாறினார்கள் என்று 1983இல் மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. வைட்டமின் ஏ மிகுந்தால் ஈரலைப் பாதிக்கும். மூளைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். வைட்டமின் டி மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெடும். 

இலண்டனில் ஆட்டிசம் உள்ள நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வாந்தி, தீராத தாகம், எடை குறைவு ஆகியவற்றுடன் மருத்துவமனைக்கு வந்தான். இயற்கை மருத்துவர் ஒருவரின் ஆலோசனைப்படி வைட்டமின் டி, கால்சியம், ஒட்டகப் பால், வெள்ளி உட்பட 12 வகைப் பொருட்கள் அவனுக்கு மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டிருந்தன. இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. சிகிச்சையால் அவன் தேறினான். 2016இல் மருத்துவர்கள் இதை எச்சரிக்கையாக வெளியிட்டார்கள். 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றுவதாகச் சொல்லி நரம்பில் ஏற்றப்பட்ட மருந்தால் அக்குழந்தை இறந்தது. வைட்டமினில் தொடங்கும் பாதை பல நேரங்களில் அங்கே போய்ச் சேர்கிறது. நம் நாட்டில் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி விற்கப்படுகிறது. அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது, விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்கு வாரியம் 2022இல் கூறியது.

அதே நேரத்தில், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் இரண்டு மூன்று உணவு வகைகளைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். வெள்ளைச் சோறும் பிஸ்கட்டும் மட்டுமே தின்னும் குழந்தைக்கு இரும்புச் சத்து, வைட்டமின் சி, டி ஆகியவை உண்மையிலேயே குறையக்கூடும். இத்தகைய குழந்தைகளுக்கு ஸ்கர்வி வந்து, கால் வலியால் நடக்க மறுத்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. ஆகவே இரத்தப் பரிசோதனை செய்து, குறைவைக் கண்டு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்குக் கொடுப்பது பெற்றோரின் கடமை. இரத்தசோகை தீர்ந்த குழந்தை நன்றாக உறங்கும், எரிச்சல் குறையும், கற்க முடியும். அதுவே பெரிய பயன். பாலையும் கோதுமையையும் நிறுத்தச் சொல்லும் உணவுமுறைகள் ஏற்கெனவே குறுகிய தட்டை மேலும் குறுக்கிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அரசு விட்ட இடத்தில் சந்தை

2018இல் வெளியான ஓர் ஆய்வு, நாட்டின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான 3,964 குழந்தைகளைப் பரிசோதித்தது. அந்த ஐந்தில் ஐதராபாத்தும் ஒன்று. ஆட்டிசம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு குழந்தைக்கு இருப்பது தெரியவந்தது. அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

செகந்திராபாத்தில் ஒன்றிய அரசின் தேசிய நிறுவனம் 1984 முதல் இயங்கிவருகிறது. ஆட்டிசத்தை மதிப்பிடுவதற்கான இந்திய அளவுகோலை உருவாக்கியது அந்நிறுவனம்தான். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் இடம்பெற்றது. 2013இல் தொடங்கப்பட்ட தேசிய குழந்தைகள் நலத் திட்டம், 30 நிலைகளுக்கு எல்லாக் குழந்தைகளையும் பரிசோதித்து, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அத்திட்டத்தின் பட்டியலைப் பாருங்கள். இரத்தசோகை, வைட்டமின் ஏ குறைவு, வைட்டமின் டி குறைவு ஆகியவை "குறைபாடுகள்" என்ற தலைப்பில் உள்ளன. ஆட்டிசம் "வளர்ச்சித் தாமதங்கள்" என்ற வேறு தலைப்பில் உள்ளது. அரசின் காகிதத்துக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். காகிதத்தில் உள்ள மையத்தில் பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறாரா, சிறப்புக் கல்வியாளர் நிரந்தரப் பணியில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. மாவட்டத்துக்கு ஒரு மையம் என்றால், வாரம் மூன்று நாள் குழந்தையை எந்தத் தினக்கூலித் தொழிலாளி அங்கே தூக்கிச் செல்ல முடியும்?

எனவே தனியார் தெரபி மையத்துக்குப் போகிறார்கள். அங்கு ஒவ்வொரு அமர்வுக்கும் கட்டணம். தாய் வேலையை விடுகிறார். தந்தை கூடுதல் நேரம் உழைக்கிறார். பணம் தீரும்போது, மாதம் ஒரு புட்டி என்ற வைட்டமின் மலிவாகத் தோன்றுகிறது. சந்தை நுழையும் வாசல் இதுவே. இந்தப் பொருட்கள் சட்டப்படி உணவு என்ற வகையில் உரிமம் பெறுகின்றன. மருந்தைப் போல் பயனை நிரூபிக்க வேண்டியதில்லை. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று புட்டியின் மீது அச்சிட வேண்டும் என்கிறது விதி. அந்த எழுத்தைப் புட்டியில் அச்சிட்டுவிட்டு, நோய் தீரும் என்ற பேச்சை வாய்வழியே பரப்புகிறார்கள்.

இதே நகரத்தில் பாலாநகரில், சோவியத் உதவியுடன் எழுந்த ஐ.டி.பி.எல். பொதுத்துறை ஆலை, மக்களுக்குத் தேவையான மருந்துகளை மலிவாக உற்பத்தி செய்தது. அதை நலிவடைய விட்டார்கள். தேவையான மருந்து கிடைக்காத ஏழையும், தேவையற்ற வைட்டமினை வாங்கும் பெற்றோரும் ஒரே கொள்கையின் இரு விளைவுகள்.

செய்ய முடிந்தது என்ன?

வைட்டமின் வேண்டாம் என்றால் வேறு என்ன என்று பெற்றோர் கேட்பார்கள். நமக்குப் பதில் வேண்டும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஒரே நேரத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 65 குழந்தைகள் பங்கேற்றார்கள்; 2016இல் லான்செட் குழும ஏட்டில் வெளியானது. சிறப்பு மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள், ஆறு மாதத்தில் 12 அமர்வுகள் பெற்றோருடன் அமர்ந்தார்கள். பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அதைச் சேர்ந்து பார்த்து, குழந்தையின் சைகைகளைப் புரிந்துகொள்ளவும் அதற்கேற்பப் பதிலளிக்கவும் பழக்கினார்கள். குழந்தைகள் தாமாக முன்வந்து பெற்றோருடன் தொடர்புகொள்வது கூடியது. அதிசயம் நிகழ்ந்துவிடவில்லை, மொழித்திறன் பாய்ந்து உயரவில்லை. ஆனால் எல்லையின் இருபுறமும், எளிய மனிதர்களின் கைகளால், செலவு குறைந்த வழியில் இது நடந்தது.

அப்படியானால் இந்தப் பணியை யார் செய்ய முடியும்? குடியிருப்புகளில் குழந்தைகளை அறிந்த அங்கன்வாடி ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதைச் செய்யவில்லை. மதிப்பூதியம் என்ற பெயரில் சொற்பத் தொகை கொடுத்துவிட்டு, இன்னொரு பொறுப்பையும் அவர்கள் தலையில் ஏற்றக்கூடாது. ஊதியம், பயிற்சி, கூடுதல் பணியிடம் ஆகியவற்றோடு சேர்த்தே இதை நாம் கோர வேண்டும். அங்கன்வாடி ஊழியரின் போராட்டமும் ஆட்டிசக் குழந்தையின் தாயின் போராட்டமும் இங்கே ஒன்றாகின்றன.

நமது கடமைகள்

தோழர்களே, முதல் கடமை நம் பேச்சு முறையில் இருக்கிறது. வைட்டமின் வாங்கிய பெற்றோரை ஏளனம் செய்யாதீர்கள். அவரோடு அமர்ந்து சில கேள்விகளைச் சேர்ந்து கேளுங்கள். குறைவு இருப்பது பரிசோதனையில் தெரிந்ததா? அளவு எவ்வளவு, எவ்வளவு காலம்? பரிந்துரைப்பவரே விற்பவராகவும் இருக்கிறாரா? "எல்லாக் குழந்தைக்கும் குணமாகும்" என்று உறுதி தருகிறாரா? இதற்காகப் பயிற்சியையோ தடுப்பூசியையோ மற்ற மருந்தையோ நிறுத்தச் சொல்கிறாரா? கொடுக்கும் பொருட்கள் அனைத்தையும் குழந்தை மருத்துவரிடம் சொல்லியாயிற்றா? இக்கேள்விகளுக்குப் பதில் தேடும்போதே பாதி வழி தெளிவாகிவிடும்.

இரண்டாவது, உரிமைகளைப் பெற்றுத்தருவது. ஊனமுற்றோர் அடையாள அட்டை, தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான காப்பீடு, பள்ளியில் சேர்க்கை மறுக்கப்படாத உரிமை ஆகியவற்றுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்க ஒவ்வொரு கிளையிலும் ஒரு தோழர் பொறுப்பேற்க வேண்டும். மொழி தெரியாமல் அலுவலகத்தில் அலையும் தமிழ்க் குடும்பத்துக்குத் தெலுங்கு தெரிந்த ஒரு தோழர் உடன் செல்வது பெரிய அரசியல் பணி.

மூன்றாவது, கோரிக்கை. பகுதி தோறும் அரசின் இலவசப் பயிற்சி மையம், நிரந்தரப் பணியாளர்கள், பெற்றோருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு, அங்கன்வாடியில் முட்டையும் கீரையும் பருப்பும் குறையாத உணவு, ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக விற்கும் நிறுவனங்கள் மீது நடவடிக்கை. இவற்றை நம் வெகுஜன அமைப்புகள் கையிலெடுக்க வேண்டும்.

ஆட்டிசம் உள்ள மனிதரை "சரிசெய்து" நம்மைப் போல் ஆக்குவது நம் நோக்கமாக இருக்கக்கூடாது. அவர் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். பேசாவிட்டாலும் படங்களால், கருவிகளால், கையெழுத்தால் தம் விருப்பத்தைச் சொல்ல அவருக்கு வழி வேண்டும். கற்க, உழைக்க, மதிப்போடு வாழ இடம் வேண்டும். "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று ஒவ்வொரு பெற்றோரும் இரவில் கேட்டுக்கொள்கிறார்கள். எந்தப் புட்டியிலும் அதற்குப் பதில் இல்லை. பொறுப்பேற்கும் ஒரு சமூகம்தான் பதில். அந்தச் சமூகத்துக்கான போராட்டத்தில் இந்தப் பெற்றோரை நம்மோடு இணைத்துக்கொள்வோம். அவர்களோடு நாமும் இணைந்து நிற்போம்.